துளை போட்டாங்க... பங்கு பறந்துச்சு! ட்ரில்லிங் ரிசல்ட் வந்தால் குட்டி சுரங்க கம்பெனிகளின் பங்கு ஏன் துள்ளுகிறது, ஏன் விழுகிறது?

2019-ம் ஆண்டின் இறுதியில் ஆஸ்திரேலியாவின் டி கிரே மைனிங் என்ற சிறிய கம்பெனியின் ஒரு பங்கு சுமார் 5 சென்ட்டுக்குக் கிடைத்தது. அடுத்த ஒரு வருடத்துக்குள் அதே பங்கு 1 டாலரைத் தாண்டியது. இடைப்பட்ட காலத்தில் அந்தக் கம்பெனி சுரங்கம் தோண்டவில்லை, ஆலை கட்டவில்லை. தரையில் துளை போட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று அறிவித்தது. அவ்வளவுதான்.

அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னால் கனடாவின் ப்ரீ-எக்ஸ் கம்பெனியும் இதே வேலையைத்தான் செய்தது. துளை போட்டது, ரிசல்ட் அறிவித்தது. அதன் மதிப்பு 600 கோடி கனடிய டாலரைத் தொட்டது. பிறகு ஒரே நாளில் பங்கு விலை 80 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. சில வாரங்களில் அந்தப் பங்குக்கு மதிப்பே இல்லாமல் போனது.

ஒன்று உண்மையான தங்கம். இன்னொன்று உலகமே ஏமாந்த மோசடி. ஆனா, அறிவிப்பு வெளியான அன்று படித்துப் பார்த்தவர்களுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் தெரிந்தன. "இத்தனை மீட்டர் ஆழத்தில், டன்னுக்கு இத்தனை கிராம் தங்கம்."

வெளிநாட்டுப் பங்குகளைக்கூட மொபைல் ஆப்பில் வாங்க முடிகிற காலம் இது. வாட்ஸ்அப் குரூப்பிலும் டெலிகிராம் சேனலிலும் "அடுத்த 20 மடங்கு பங்கு இதுதான்" என்று டிப்ஸ் வந்துகொண்டே இருக்கிறது. அதனால் இந்த ரிசல்ட் என்றால் என்ன, அதை எப்படிப் படிப்பது, எங்கே ஏமாற வாய்ப்பு இருக்கிறது என்பதை விரிவாகப் பார்க்கலாம்.

ஜூனியர் சுரங்க கம்பெனி என்றால் என்ன?

சுரங்கத் தொழிலில் இரண்டு வகை கம்பெனிகள் உண்டு. பிஎச்பி, நியூமான்ட், பாரிக் போன்றவை பெரிய கம்பெனிகள். பல நாடுகளில் சுரங்கம் நடத்தி, தாதுவையும் உலோகத்தையும் விற்று வருமானம் பார்ப்பவை.

ஜூனியர் கம்பெனி அப்படி இல்லை. அதன் சொத்து பெரும்பாலும் மூன்றுதான். குறிப்பிட்ட நிலப்பகுதியில் தாது தேடுவதற்கான உரிமம், சில புவியியலாளர்கள், முதலீட்டாளர்களிடம் வாங்கிய பணம். வருமானம் என்று எதுவும் கிடையாது. கனடாவின் டிஎஸ்எக்ஸ் வெஞ்சர் சந்தையிலும், ஏஎஸ்எக்ஸ் எனப்படும் ஆஸ்திரேலிய பங்குச்சந்தையிலும் இப்படிப்பட்ட கம்பெனிகள் நூற்றுக்கணக்கில் பட்டியலிடப்பட்டுள்ளன.

பிஎச்பி எங்காவது ஒரு துளை போட்டு அதில் ஒன்றும் கிடைக்காவிட்டால் அதன் பங்கு அசையாது. ஆனா, ஜூனியர் கம்பெனிக்கு அந்தத் துளைதான் எல்லாமே. லாப நஷ்டக் கணக்கைப் பார்த்து அதை மதிப்பிட முடியாது, ஏன்னா லாபமே இல்லை. "உள்ளே ஏதாவது இருக்கலாம்" என்ற நம்பிக்கைக்குத்தான் சந்தை விலை வைக்கிறது. புதுத் தகவல் வந்தால் நம்பிக்கை மாறும். நம்பிக்கை மாறினால் விலை மாறும்.

போர் போட்டவர்களுக்கு இது ஈசியா புரியும்

நம்ம ஊரில் காட்டில் போர்வெல் போடுவதை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் இல்லாத வறண்ட காடு. விலை குறைவு. நீரோட்டம் பார்க்கிறவர் வந்து "இங்கே இருக்கு" என்கிறார். நிலத்தின் மதிப்பு கொஞ்சம் ஏறுகிறது. வண்டி வந்து நிற்கிறது. அடிக்கு இவ்வளவு என்று காசு கரைகிறது. 400 அடியில் தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது. அன்று சாயங்காலமே அந்த நிலத்துக்கு விலையே வேறு!

இத்தோடு முடியாது. பக்கத்துக் காட்டுக்காரரும் விலையை ஏற்றுவார். அவர் காட்டில் இன்னும் போரே போட்டிருக்க மாட்டார். ஆனாலும் "பக்கத்துல வந்திருக்கே, இங்கேயும் வராதா" என்ற கணக்கு. சுரங்கப் பங்குகளிலும் இதேதான் நடக்கும். ஒரு கம்பெனிக்கு நல்ல ரிசல்ட் வந்தால், அதைச் சுற்றி உரிமம் வைத்திருக்கும் மற்ற கம்பெனிகளின் பங்குகளும் ஏறும். அங்கே எதுவுமே கண்டுபிடிக்கப்பட்டிருக்காது.

ஆனா ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. தண்ணீர் வந்தால் கண்ணால் பார்க்கலாம், மறுநாளே பாசனத்துக்கு விடலாம். தங்கமோ நிக்கலோ அப்படி இல்லை. பாறையில் அது இருக்கிறதா என்பதை ஆய்வகம் சொல்ல வேண்டும். இருந்தாலும், வெளியே எடுத்து விற்க பல ஆண்டுகள் ஆகும்.

துளையில் இருந்து அறிவிப்பு வரை என்ன நடக்கிறது?

முதலில் வரைபடம், மண் மாதிரி, காந்தப்புல அளவீடு போன்றவற்றை வைத்து எங்கே துளை போடலாம் என்று முடிவு செய்கிறார்கள். பிறகு வைர முனை கொண்ட இயந்திரத்தால் துளையிட்டு, உள்ளே இருக்கும் பாறையை நீண்ட உருளையாக அப்படியே வெளியே எடுப்பார்கள். இதற்கு 'கோர்' என்று பெயர்.

கோரை நீளவாக்கில் இரண்டாக அறுப்பது வழக்கம். ஒரு பாதி ஆய்வகத்துக்குப் போகும். மறு பாதி பெட்டியில் பத்திரமாக இருக்கும். பிற்காலத்தில் யாருக்காவது சந்தேகம் வந்தால் அந்தப் பாதியை எடுத்து மறுபரிசோதனை செய்யலாம். இந்தச் சின்ன விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ப்ரீ-எக்ஸ் கதையில் இது முக்கியம்.

ஆய்வக முடிவு வர சில வாரங்களில் இருந்து சில மாதங்கள் வரை ஆகலாம். இந்த இடைவெளியில்தான் வதந்திகள் கிளம்பும். அதனால் விலையைப் பெரிதாகப் பாதிக்கும் அறிவிப்பு வரப்போகிறது என்றால், ஆஸ்திரேலியாவில் கம்பெனியே கேட்டு பங்கு வர்த்தகத்தை அதிகபட்சம் இரண்டு வர்த்தக நாட்கள் வரை நிறுத்தி வைக்கும் நடைமுறை உண்டு. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தகவல் போய்ச் சேர வேண்டும் என்பதே நோக்கம்.

"20 மீட்டருக்கு 5 கிராம்" - இதை எப்படிப் படிப்பது?

தங்கம் தேடும் கம்பெனியின் அறிவிப்பு பெரும்பாலும் இப்படி இருக்கும்: "45 மீட்டர் ஆழத்தில் இருந்து, 20 மீட்டர் நீளத்துக்கு, டன்னுக்கு 5 கிராம் தங்கம்." இதில் மூன்று எண்கள் இருக்கின்றன. ஆழம், நீளம், தரம். மூன்றையும் சேர்த்துப் படித்தால்தான் அர்த்தம்.

தரம்: டன்னுக்கு 1 கிராம் என்றால், ஒரு டன் பாறையை உடைத்து அரைத்தால் 1 கிராம் தங்கம். ஒரு சவரன் 8 கிராம். அதாவது, துளிகூட வீணாகாமல் எடுத்தாலே ஒரு சவரனுக்கு 8 டன் பாறை தேவை. 5 கிராம் தரம் என்றால் 1.6 டன் போதும்.

ஆழம்: தரைக்குப் பக்கத்திலேயே பெரிய பரப்பில் தாது இருந்தால், திறந்தவெளிச் சுரங்கமாகத் தோண்டி டன்னுக்கு 1 கிராமிலேயே லாபம் பார்க்க முடியும். அதே 1 கிராம் தரை மட்டத்துக்கு 800 மீட்டர் கீழே இருந்தால் எடுக்கும் செலவே தங்கத்தின் விலையைத் தாண்டிவிடலாம்.

நீளம்: இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். தாது அடுக்கு சாய்வாக இருந்து, துளையும் அதை ஒட்டியே சாய்வாகப் போனால், 20 மீட்டர் நீளத்துக்குத் தாது வந்ததாகத் தெரியும். உண்மையான அகலம் 5 மீட்டராகக்கூட இருக்கலாம். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டாமல் சாய்த்து வெட்டினால் துண்டு நீளமாகத் தெரியும் அல்லவா, அது மாதிரி. அதனால் அறிவிப்பில் 'உண்மையான அகலம்' என்ன என்று சொல்லியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். மேலே சொன்ன அதே அறிவிப்பில் அடுத்த வரி இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: "இதில் 2 மீட்டருக்கு டன்னுக்கு 45 கிராம்."

கேட்க பிரமாதமாக இருக்கிறது. ஆனா பெருக்கிப் பாருங்கள். 20 மீட்டர் பெருக்கல் 5 கிராம், மொத்தம் 100. அதில் 2 மீட்டர் பெருக்கல் 45 கிராம், 90. மிச்சம் 18 மீட்டருக்கும் சேர்த்து வெறும் 10. அதாவது அந்த 18 மீட்டரில் டன்னுக்கு அரை கிராம் அளவுக்குத்தான் தங்கம் இருக்கிறது. "20 மீட்டருக்கு 5 கிராம்" என்பது பொய் இல்லை. ஆனா உண்மையில் அங்கே இருப்பது 2 மீட்டர் அகலத்தில் ஒரு மெல்லிய தங்கக் கோடு. இரண்டும் ஒன்றல்ல.

நல்ல ரிசல்ட் வந்தும் பங்கு விழுவது ஏன்?

புது முதலீட்டாளர்களைக் குழப்பும் கேள்வி இது. காரணங்கள் மூன்று.

முதல் காரணம், எதிர்பார்ப்பு. "10 கிராம் வரும்" என்று சந்தை ஏற்கெனவே எதிர்பார்த்து விலையை ஏற்றியிருந்தால், 5 கிராம் வந்தாலும் அது ஏமாற்றம்தான். வதந்தியில் வாங்கியவர்கள் செய்தி வந்ததும் விற்றுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். செய்தியைப் பார்த்து வாங்குகிறவர் கடைசி ஆளாகிவிடுவார்.

இரண்டாவது காரணம், புதுப் பங்குகள். ஒரு கற்பனை உதாரணம். ஒரு கம்பெனியிடம் 10 கோடி பங்குகள். விலை 20 சென்ட். மொத்த மதிப்பு 2 கோடி டாலர். நல்ல ரிசல்ட் வந்து விலை 50 சென்ட் ஆகிறது. கம்பெனிக்கு வருமானம் இல்லை, ஆனா அடுத்த ட்ரில்லிங்குக்குப் பணம் வேண்டும். என்ன செய்யும்? விலை உயர்ந்திருக்கும் இந்த நேரத்தில், 40 சென்ட் விலையில் 5 கோடி புதுப் பங்குகளை வெளியிட்டு 2 கோடி டாலர் திரட்டும். இப்போது மொத்தம் 15 கோடி பங்குகள். உங்களிடம் 10 லட்சம் பங்கு இருந்தால், நேற்று கம்பெனியில் உங்கள் பங்கு 1 சதவீதம். இன்று 0.67 சதவீதம். இதில் மோசடி ஒன்றும் இல்லை. ஜூனியர் கம்பெனிகள் உயிரோடு இருப்பதே இப்படித்தான். ஆனா நல்ல ரிசல்ட்டுக்குப் பின்னாடியே புதுப் பங்கு வெளியீடும் வரும் என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

மூன்றாவது காரணம், உலோகத்தின் சர்வதேச விலை. துளையில் நிக்கல் வந்த அதே மாதத்தில் நிக்கல் விலை சரிந்தால், நல்ல ரிசல்ட்டும் வீண். இதற்கு உலகமே பேசிய ஒரு உதாரணம் இருக்கிறது.

கதை 1: பொசைடன் - உலோகம் நிஜம், நஷ்டமும் நிஜம்

1969-ம் ஆண்டு. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்ததால் நிக்கலுக்குக் கடும் தேவை. கனடாவின் பெரிய நிக்கல் உற்பத்தி நிறுவனமான இன்கோவில் தொழிலாளர் வேலைநிறுத்தம். நிக்கல் விலை விண்ணைத் தொட்டது.

அந்த நேரத்தில் மேற்கு ஆஸ்திரேலியாவின் விண்டாரா என்ற இடத்தில் நிக்கல் கிடைத்திருப்பதாக பொசைடன் என்ற சிறிய கம்பெனி அறிவித்தது. செப்டம்பர் தொடக்கத்தில் 80 சென்ட்டாக இருந்த பங்கு, 1970 பிப்ரவரியில் 280 ஆஸ்திரேலிய டாலரைத் தொட்டது. ஐந்தே மாதங்களில் 350 மடங்கு!

நாடே பித்துப் பிடித்த மாதிரி ஆனது. பேரில் நிக்கல் இருந்தாலே போதும், பங்கு ஏறும் என்ற நிலை. விண்டாரா பக்கத்தில் நிலம் வைத்திருந்த கம்பெனிகள் எல்லாம் பறந்தன. பிறகு என்ன ஆச்சு?

விண்டாராவில் நிக்கல் இருந்தது. அது பொய் இல்லை. ஆனா சுரங்கம் உற்பத்திக்கு வந்தது 1974-ல். அதற்குள் நிக்கல் விலை இறங்கிவிட்டது. தாதுவின் தரம் முதலில் நினைத்ததைவிடக் குறைவு. எடுக்கும் செலவோ நினைத்ததைவிட அதிகம். 1976-ல் பொசைடன் பங்குச்சந்தைப் பட்டியலில் இருந்தே நீக்கப்பட்டது. உச்ச விலையில் வாங்கியவர்கள் கதி என்ன என்று சொல்லவே வேண்டாம்.

இந்தக் களேபரத்தை விசாரிக்க ஆஸ்திரேலிய செனட் குழு அமைக்கப்பட்டது. அந்த நாட்டில் பங்குச்சந்தை விதிகள் இறுகியதற்கு இதுவும் ஒரு முக்கிய காரணம்.

கதை 2: ப்ரீ-எக்ஸ் - தங்கமே இல்லாத தங்க மலை

கனடாவின் கால்கரி நகரத்தைச் சேர்ந்த டேவிட் வால்ஷ் தொடங்கிய கம்பெனி ப்ரீ-எக்ஸ். 1993-ல் இந்தோனேசியாவின் போர்னியோ தீவில் உள்ள புசாங் என்ற காட்டுப்பகுதியில் தங்கம் தேடும் உரிமையை வாங்கியது. ஜான் ஃபெல்டர்ஹாஃப் தலைமைப் புவியியலாளர். களத்தில் ட்ரில்லிங்கைக் கவனித்தவர் மைக்கேல் டி குஸ்மான்.

ரிசல்ட் மேல் ரிசல்ட் வந்தது. ஒவ்வொன்றும் முந்தியதைவிடப் பிரமாதம். 1997 பிப்ரவரியில் 7.1 கோடி அவுன்ஸ் தங்கம் இருப்பதாகக் கம்பெனி சொன்னது. ஒரு அவுன்ஸ் 31.1 கிராம். அப்படிப் பார்த்தால் சுமார் 2,200 டன் தங்கம்! சில சென்ட்டுகளில் விற்ற பங்கு, 1996 மே மாதத்தில் 286 கனடிய டாலரைத் தாண்டியிருந்தது. சின்ன முதலீட்டாளர்கள் மட்டும் இல்லை, ஒன்டாரியோ ஆசிரியர்களின் ஓய்வூதிய நிதிகூட இதில் பணம் போட்டிருந்தது.

இவ்வளவு பெரிய புதையலைச் சும்மா விடுவார்களா? சுஹார்த்தோ ஆட்சியில் இருந்த இந்தோனேசியா தலையிட்டு, அமெரிக்காவின் ஃப்ரீபோர்ட்-மெக்மோரன் நிறுவனத்தைக் கூட்டாளியாக உள்ளே கொண்டுவந்தது. வந்த ஃப்ரீபோர்ட் ஒரு சாதாரண வேலையைச் செய்தது. ப்ரீ-எக்ஸ் ஏற்கெனவே தங்கம் கிடைத்ததாகச் சொன்ன துளைகளுக்குப் பக்கத்திலேயே தன் செலவில் துளை போட்டுப் பார்த்தது.

1997 மார்ச் 19 அன்று டி குஸ்மான் புசாங் செல்லும் வழியில் ஹெலிகாப்டரில் இருந்து விழுந்து இறந்தார். தற்கொலை என்று அறிவிக்கப்பட்டது. மார்ச் 26 அன்று ஃப்ரீபோர்ட்டின் முடிவு வெளியானது. சொல்லிக்கொள்ளும் அளவுக்குத் தங்கமே இல்லை! மறுநாள் பங்கு 80 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. விற்கக் குவிந்த ஆர்டர்களைத் தாங்க முடியாமல் டொரன்டோ பங்குச்சந்தையின் கம்ப்யூட்டர்களே திணறின.

மே மாதத் தொடக்கத்தில் ஸ்ட்ராத்கோனா என்ற சுயாதீன ஆய்வு நிறுவனத்தின் அறிக்கை வந்தது. பரிசோதனைக்குப் போன மாதிரிகளில் வெளியில் இருந்து தங்கத்தூள் கலக்கப்பட்டிருந்தது உறுதியானது. அது ஆற்று மணலில் சலித்தெடுத்த தங்கம் போன்று ஓரம் தேய்ந்து உருண்டையாக இருந்தது. பாறைக்குள் இருக்கும் தங்கத்துக்கு அந்த வடிவம் வராது.

இப்போது அந்த 'மறு பாதி' விஷயத்துக்கு வருவோம். ப்ரீ-எக்ஸ் கோரை இரண்டாக அறுத்து ஒரு பாதியைச் சேமிக்கவில்லை. பெரும்பாலும் முழு கோரையும் உடைத்து ஆய்வகத்துக்கு அனுப்பியது. "தங்கம் சீராகப் பரவவில்லை, முழுசா அரைத்தால்தான் சரியான அளவு தெரியும்" என்று காரணம் சொல்லப்பட்டது. அதனால் மறுபரிசோதனைக்கு வழியே இல்லாமல் போனது. ஆய்வகத்தின் மேல் தப்பு சொல்ல முடியாது. கொடுத்த மாதிரியில் தங்கம் இருந்தது, இருக்கிறது என்று சொன்னார்கள். அந்த மாதிரியில் தங்கம் எப்படி வந்தது என்பதுதான் யாரும் கேட்காத கேள்வி.

வால்ஷ் 1998-ல் இறந்துவிட்டார். ஃபெல்டர்ஹாஃப் தொடர்ந்து குற்றத்தை மறுத்தார். பங்கு வர்த்தகம் தொடர்பான குற்றச்சாட்டுகளில் இருந்து 2007-ல் அவரை ஒன்டாரியோ நீதிமன்றம் விடுவித்தது. கடைசி வரை இந்த வழக்கில் யாரும் சிறைக்குப் போகவில்லை. மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதை என்பார்கள். இங்கே எலிகூடக் கிடைக்கவில்லை.

கதை 3: டி கிரே - துளையில் தொடங்கி 500 கோடி டாலர் வரை

அப்படியானால் எல்லாமே ஏமாற்றுதானா? இல்லை. தொடக்கத்தில் சொன்ன டி கிரே மைனிங்கைப் பாருங்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் வறண்ட பில்பரா பகுதியில், மணல் மூடிய ஓர் இடத்தில் 2019 டிசம்பரில் தங்கம் கண்டுபிடித்தது. 'ஹெமி' என்று பெயர் வைத்தார்கள்.

அடுத்தடுத்து துளைகள் போடப்பட்டன. அகலமான, தரைக்கு அருகிலேயே தொடங்கும் தாது என்பது ஒவ்வொரு ரிசல்ட்டிலும் உறுதியானது. பங்கு ஏறியது. ஒரு துளையை வைத்து நின்றுவிடாமல், பல ஆண்டுகள் துளையிட்டு வள மதிப்பீடு, சாத்தியக்கூறு ஆய்வு என்று படிப்படியாகப் போனார்கள். 2024 டிசம்பரில் நார்தர்ன் ஸ்டார் என்ற பெரிய தங்கக் கம்பெனி, டி கிரேயை சுமார் 500 கோடி ஆஸ்திரேலிய டாலர் மதிப்பில் வாங்குவதாக அறிவித்தது. 2025-ல் அது நிறைவேறியது. அதுவரை ஹெமியில் சுரங்கம் உற்பத்தியைத் தொடங்கவே இல்லை!

பெரும்பாலான வெற்றிக் கதைகள் இப்படித்தான் முடியும். ஜூனியர் கம்பெனி கண்டுபிடிக்கும், பெரிய கம்பெனி வாங்கும். ஆனா தாது தேடும் கம்பெனிகளில் மிகப் பெரும்பாலானவை சுரங்கம் என்ற கட்டத்தைத் தொடுவதே இல்லை. பணம் தீர்ந்துபோய், பெயர் மாறி, வேறு தொழிலுக்குப் போய்விடும். அவை செய்தியாவது இல்லை. நம் கண்ணில் படுவது ஜெயித்த டி கிரே மட்டும்தான்.

'வளம்' வேறு, 'இருப்பு' வேறு

ப்ரீ-எக்ஸ் அதிர்ச்சிக்குப் பிறகு கனடா விழித்துக்கொண்டது. 2001-ல் என்ஐ 43-101 என்ற விதி அமலுக்கு வந்தது. தாது பற்றிய தொழில்நுட்பத் தகவலைக் கம்பெனி வெளியிட்டால், அதற்குத் தகுதி பெற்ற நிபுணர் ஒருவர் பெயரோடு பொறுப்பேற்க வேண்டும். மாதிரி எடுத்தது எப்படி, எந்த ஆய்வகம், எப்படிச் சரிபார்த்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவில் ஜார்க் விதிமுறை 1989 முதலே இருக்கிறது.

இந்த விதிகளில் வரும் சொற்களைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

அனுமானிக்கப்பட்ட வளம்: குறைவான துளைகளை வைத்துச் செய்த கணிப்பு. நம்பகத்தன்மை குறைவு.

சுட்டப்பட்ட வளம்: துளைகள் அதிகம். ஓரளவு நம்பலாம்.

அளவிடப்பட்ட வளம்: நெருக்கமாகத் துளையிட்டுச் சரிபார்த்தது. நம்பகத்தன்மை அதிகம்.

இவை மூன்றும் 'வளம்' மட்டும்தான். எடுக்கும் செலவு, உலோக விலை, அனுமதி எல்லாவற்றையும் கணக்கிட்டு "லாபத்தோடு எடுக்க முடியும்" என்று காட்டிய பிறகுதான் அது 'இருப்பு' ஆகும்.

நம் நாட்டு உதாரணமே இருக்கிறது. 2023 பிப்ரவரியில் ஜம்மு-காஷ்மீரின் ரியாசி மாவட்டத்தில் 59 லட்சம் டன் லித்தியம் வளம் இருப்பதாக மத்திய அரசு அறிவித்தது. தலைப்புச் செய்திகள் பறந்தன. ஆனா அந்த அறிவிப்பிலேயே ஒரு சொல் இருந்தது: அனுமானிக்கப்பட்ட வளம், ஜி3 நிலை. ஆரம்பகட்ட ஆய்வு என்று அர்த்தம். பிறகு அந்தப் பகுதியை ஏலம் விட்டபோது போதுமான நிறுவனங்கள் முன்வரவில்லை. முதல் ஏலமும் ரத்து, மறு ஏலமும் ரத்து.

இதன் மறுபக்கம் கோலார் தங்கவயல். ஏராளமான தமிழர்கள் உழைத்த அந்தச் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் வரை போனது. 2001-ல் மூடப்பட்டபோது, பூமிக்குள் தங்கம் சுத்தமாகத் தீர்ந்துவிட்டது என்பது காரணம் இல்லை. எடுக்கும் செலவு கட்டுப்படியாகவில்லை. தங்கம் இருப்பது வேறு, அதை லாபத்தோடு எடுப்பது வேறு.

கண்டுபிடிப்புக்குப் பிறகு வரும் 'தொய்வு காலம்'

சுரங்க முதலீட்டு உலகில் 'லாசோன்ட் வளைவு' என்று ஒன்றைச் சொல்வார்கள். கனடாவைச் சேர்ந்த பியர் லாசோன்ட் என்ற சுரங்கத் தொழில் பிரபலத்தின் பெயரில் அமைந்தது. ஜூனியர் கம்பெனியின் பங்கு விலை வழக்கமாக எப்படிப் போகும் என்பதற்கான வரைபடம் அது.

கண்டுபிடிப்பு வந்ததும் விலை செங்குத்தாக ஏறும். எல்லோரும் கனவு காணும் காலம். பிறகு ஆய்வு, அனுமதி, நிதி திரட்டல் என்று ஆண்டுகள் ஓடும். பெரிய செய்தி எதுவும் வராது. பொறுமை இழந்தவர்கள் விற்பார்கள். விலை மெல்ல இறங்கிக்கொண்டே போகும். சுரங்கம் கட்டி முடிந்து உற்பத்தி தொடங்கும் நேரத்தில் மறுபடியும் ஏறும்.

இந்த இடைவெளி எவ்வளவு நீளம்? கனடாவின் லாப்ரடார் பகுதியில் உள்ள வாய்சிஸ் பே நிக்கல் தாது 1993-ல் கண்டறியப்பட்டது. டயமண்ட் ஃபீல்ட்ஸ் என்ற ஜூனியர் கம்பெனியிடம் இருந்து அதை 1996-ல் இன்கோ 430 கோடி கனடிய டாலருக்கு வாங்கியது. உற்பத்தி தொடங்கியது 2005-ல். நடுவில் மாகாண அரசோடும், அங்கே வாழும் பழங்குடி மக்களோடும் நீண்ட பேச்சுவார்த்தை. கண்டுபிடித்ததில் இருந்து கணக்கிட்டால் 12 ஆண்டுகள்!

அறிவிப்பைப் பார்த்ததும் கேட்க வேண்டிய 7 கேள்விகள்

1. இது ஆய்வக முடிவா, அல்லது "கண்ணுக்குத் தெரியும் அளவுக்குத் தாது" என்ற வர்ணனையா? கையில் பிடிக்கும் கருவியால் எடுத்த அளவீடும் ஆய்வக முடிவும் ஒன்றல்ல.

2. எத்தனை துளைகள்? ஒரு துளையில் நன்றாக வந்து, மற்ற ஒன்பதில் ஒன்றும் இல்லை என்றால், அந்த ஒன்பதையும் சொல்லியிருக்கிறார்களா?

3. உண்மையான அகலம் என்ன? சராசரித் தரம் ஒரு மெல்லிய பகுதியால் மட்டும் உயர்ந்திருக்கிறதா? பெருக்கிப் பாருங்கள்.

4. எவ்வளவு ஆழம்? சாலை, மின்சாரம், தண்ணீர் அந்த இடத்துக்கு உண்டா?

5. பொறுப்பேற்ற நிபுணர் யார்? அவர் கம்பெனியின் ஊழியரா, வெளியாளா? மறு பாதி கோர் பத்திரமாக இருக்கிறதா?

6. கம்பெனியிடம் கையில் எவ்வளவு பணம் இருக்கிறது? எத்தனை மாதம் தாங்கும்? புதுப் பங்கு வெளியீடு எப்போது வரும்?

7. இந்தச் செய்தியை உங்களுக்குச் சொன்னது யார்? அவர் அந்தப் பங்கை ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கிறாரா? செபியில் பதிவு செய்த ஆலோசகரா?

ஏழாவது கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. விலை குறைவாகவும், தினமும் கைமாறும் பங்குகள் சொற்பமாகவும் இருக்கும் கம்பெனிகளில், கொஞ்சம் பேர் சேர்ந்து வாங்கினாலே விலை ஏறிவிடும். ஏறிய விலையைக் காட்டி உங்களை உள்ளே இழுத்துவிட்டு, சொன்னவர் விற்றுவிட்டுப் போய்விடலாம். நீங்கள் விற்க நினைக்கும்போது வாங்க ஆள் இருக்காது.

மொத்தத்தில்...

ட்ரில்லிங் ரிசல்ட் என்பது ஒரு பெரிய கேள்விக்குக் கிடைத்த முதல் பதில், அவ்வளவுதான். பாறைக்குள் உலோகம் இருக்கிறது என்று மட்டுமே அது சொல்லும். எவ்வளவு பரவியிருக்கிறது, எடுக்க முடியுமா, எடுத்தால் லாபமா, லாபம் வரும் வரை கம்பெனி தாங்குமா என்ற கேள்விகள் அப்படியே நிற்கும். ஆனா சந்தை, அந்த எல்லாக் கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்ட மாதிரி அன்றைக்கே விலை வைத்துவிடும். லாபமும் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது, நஷ்டமும் அங்கேதான் இருக்கிறது.

ப்ரீ-எக்ஸ் விஷயத்தில் உண்மையை வெளியே கொண்டுவந்தது பக்கத்திலேயே போட்ட இன்னொரு துளைதான். நம்மால் போர்னியோ காட்டுக்குப் போய்த் துளை போட முடியாது. ஆனா அறிவிப்பை முழுசாகப் படிக்கவும், பெருக்கிப் பார்க்கவும், கேள்வி கேட்கவும் முடியும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பெரியவர்கள் சொன்னது ஆற்றுக்கு மட்டும் இல்லை, சுரங்கப் பங்குக்கும்தான்.

(பொறுப்பு துறப்பு: இந்தக் கட்டுரை தகவலுக்காக மட்டுமே. எந்தப் பங்கையும் வாங்கவோ விற்கவோ பரிந்துரைக்கவில்லை. முதலீட்டு முடிவுக்கு முன் செபியில் பதிவு பெற்ற ஆலோசகரை அணுகவும்.)